இருபத்திரண்டாம் பக்கம்

உப்புக்காரத் தெரு, மரக்காணம்
6 மே 2025

தலைமையாசிரியர் பஞ்சநாதனுக்கு,

ராஜீவ் காந்தியை ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வைத்துக் கொன்ற கோடை. அந்த வருஷம்தான் எங்கள் மாதா கோயிலுக்குப் புது மணி வந்தது. கட்டிய மூன்றாம் நாளே கயிறு அறுந்தது. அந்த வருஷம்தான் கோடை மழை ஒரு சொட்டு இல்லாமல் உப்பு மலையாகக் குவிந்து, மூட ஓலை போதாமல் பெருமுக்கல் வரைக்கும் போய் ஓலை வாங்கினோம். அந்த வருஷம்தான் நீ எங்கள் உப்புக் கொட்டகைக்கு சைக்கிளில் வந்தாய். கேரியரில் சிலேட்டுக் கட்டு. சட்டைப் பையில் இரண்டு பேனா. எதற்கு இரண்டு என்று அன்றைக்கே யோசித்தேன்.

வருஷத்தைச் சொல்லிவிட்டேன், ஆள் ஞாபகம் வந்திருக்கும். நான் சவரிமுத்து. உன் பள்ளியில் ஒன்பதாவது முடித்திருக்கிற பிரியங்காவின் தாத்தா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள், பிரியங்காவின் அம்மா மேரிசெல்வி எழுதுகிறாள்.

‘நீ’ என்றுதான் சொல்கிறேன். அவள் முதலில் ‘நீங்கள்’ என்று எழுதிவிட்டாள். படித்துக் காட்டச் சொன்னபோது மாட்டிக்கொண்டாள். “மாமா, அவரு எச்.எம். பாப்பாவ பத்தாவதுல வச்சி செஞ்சிருவாரு” என்றாள். அடித்து எழுது என்றேன். அடித்த இடமெல்லாம் உன் கண்ணுக்கே தெரியும். அன்றைக்கு உனக்கு இருபது வயசு, எனக்கு நாற்பத்திரண்டு. “சவரி, நீ அந்தத் தூண்கிட்ட உக்காரு” என்றாய். முப்பத்துநாலு வருஷம் பத்திரமாக வைத்திருந்த ‘நீ’ இது. உன்னிடமே திருப்பி அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். லீவு விடும்போது பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறாய். கோடைச் செயல்திட்டம், நம் ஊர் உப்பு. பத்துக் கேள்வி, பத்துக்கும் அரை வரி. உப்பு எதிலிருந்து கிடைக்கிறது, கோடிட்ட இடத்தை நிரப்பு. அப்புறம் தெர்மாகோலில் உப்பளம் செய்து, பஞ்சை உப்பு என்று ஒட்ட வேண்டும். மாதிரிப் படமும் போட்டிருக்கிறாய். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, படம் தெரியும். உன் படத்தில் கடல்தண்ணீர் நேராக உப்பு வாரும் பாத்திக்குள் பாய்கிறது. ஒரு பாத்தியில் காயவைத்து, அடுத்ததில் இன்னும் கெட்டியாக்கி, அதற்கப்புறம்தானே உப்புப் பாத்தி? நீ போட்டபடி செய்தால் நண்டு வரும், உப்பு வராது. உப்பள ஊரில் பதினோரு வருஷம் சம்பளம் வாங்கியவன் போட்ட படம் இது. ஒரு நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்திருந்தால் தெரிந்திருக்கும்.

பிரியங்கா அந்தத் தாளைச் செய்யவில்லை. உன் அறைக்கு ரிஜிஸ்டர் எடுக்க வந்தபோது, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற சான்றிதழைப் படித்திருக்கிறாள். ‘மரக்காணம் உப்பளத் தொழிலாளர் இருபத்திரண்டு பேரை எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக்கிய தொண்டர்’ என்று உன் பேர் இருக்கிறதாம். வீட்டுக்கு வந்து கேட்டாள்: “தாத்தா, யாரு அந்த இருபத்திரெண்டு பேரு?”

நான் ஆயுசில் வாய்விட்டுச் சிரித்தது நாலைந்து தடவை இருக்கும். அது ஒன்று.

கேள்விகளை அவளே போட்டாள். ஆளுக்கு ஒரு பக்கம். பேர் என்ன, என்ன படிக்க ஆசைப்பட்டார், கடைசியில் என்ன படித்தார். செத்தவர்கள் வீட்டுக்கும் போய்ப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதினாள். கோடை முகாமில் நீ அந்த நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினாய். பீரோவில் வைத்துப் பூட்டினாய். “என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கினா நான் எதுக்கும்மா இருக்கேன்?” என்று கேட்டாயாம்.

இதே பேச்சை இதே வாயிலிருந்து நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

நோட்டைக் கொடு. அது வராமல் பத்தாவதுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. போனில் பேசலாமே என்றாள் மேரிசெல்வி. போனில் சொன்னதை நாளைக்குச் சொல்லவில்லை என்பாய். எழுத்து என்றால்தான் உனக்குப் பயம்.

கீழே இருப்பது என் கைநாட்டு. உன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஒத்துப் பார்த்துக்கொள்.

சவரிமுத்து


கிளியனூர்
10 மே 2025

மதிப்பிற்குரிய பெரியவர் சவரிமுத்து அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் மருமகளின் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது. கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. தாங்கள் பயன்படுத்திய ஒருமையை வயதின் பொருட்டுப் பொறுத்துக்கொள்கிறேன்.

குழந்தைகளே தங்கள் செயல்திட்டத்தை வகுத்துக்கொள்ளட்டும் என்பது கேட்பதற்கு இனிமையான கருத்து. சென்ற ஆண்டு அதையும் செய்து பார்த்தேன். நாற்பத்தொரு மாணவர்களில் பதினான்கு பேர் ஒரே கிரிக்கெட் வீரரின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது பேர் பேருந்து நிலைய ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஒரே கட்டுரையைக் கொண்டுவந்தார்கள், அச்சுப்பிழை உட்பட. ஒருவன் ‘தூக்கம்’ என்று தலைப்பிட்ட வெற்று நோட்டைக் கொடுத்து, ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது சார் என்றான். தனக்கு எது தெரியாது என்பதே தெரியாத பருவம் அது. எதைக் கேட்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கத்தான் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவரை அரசு நியமித்திருக்கிறது.

தங்கள் பேத்தி எழுதியிருப்பது செயல்திட்டம் அன்று. அது ஒரு தனிமனிதர் மீது நடத்தப்பட்ட விசாரணை. யார் தூண்டுதலில் நடந்தது என்பது இப்போது விளங்குகிறது. நோட்டு என் பரிசீலனையில் உள்ளது. பள்ளி திறக்கும் நாளில் கண்காட்சி. அதற்குள் அவள் தெர்மாகோல் மாதிரியைச் செய்து வந்தால் நடந்ததை மறந்துவிடலாம்.

படத்தில் ஒரு பாத்தி விடுபட்டது உண்மை. ஒன்பதாம் வகுப்புத் தரத்திற்கு அது போதும்.

தொண்ணூற்றொன்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஊதியம் ஏதுமின்றி, கிளியனூரிலிருந்து நாள்தோறும் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தேன். நண்பகல் வகுப்பில் பாதிப் பேர் தூங்கினார்கள். தூணில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிய ஒருவரை நன்றாக நினைவிருக்கிறது. குறை எங்கே இருந்தது என்று தாங்களே தீர்மானியுங்கள்.

தங்கள்
ச. பஞ்சநாதன்


மரக்காணம்
13 மே 2025

பஞ்சநாதனுக்கு,

தூங்கினேன். மூன்று மணிக்கு எழுந்து உப்பு வாரப் போய், வெயில் ஏறும் முன்னால் பதினோரு மணிக்குக் கரையேறி, காலில் வெடிப்பு எரிய உன் முன்னால் வந்து உட்கார்ந்தவன் தூங்காமல் என்ன செய்வான்? அப்படியும் வந்தோமே. அதை நினைத்துப் பார்த்தாயா?

பிள்ளைகளைப் பற்றி நீ சொன்னது சரிதான். பிரியங்காவும் முதலில் எழுதப் போனது எந்த நடிகனுக்கு எந்த மாதிரி தாடி என்பதைப் பற்றித்தான். பிள்ளைகள் பாதிக் குப்பைதான் கொண்டுவரும். ஆனால் அந்தத் தூக்கப் பயல் இருக்கிறானே, அவனை அப்புறம் ஏதாவது கேட்டாயா? ஏன் தூங்குகிறான், வீட்டில் என்ன வேலை செய்கிறான் என்று? கேட்டிருக்கமாட்டாய். வெற்று நோட்டைப் பார்த்தாய், சிரித்தாய். நானாக இருந்தால் அவனுக்குத்தான் முதல் பரிசு.

உனக்கு மறந்ததை நான் சொல்கிறேன். எனக்கு நாள், ஆள், போட்டிருந்த துணி எல்லாம் ஞாபகம் இருக்கும். எழுதி வைக்கத் தெரியாதவன் மறந்தால் அவ்வளவுதானே.

ஆறாவது நாள். முத்தம்மாள் எழுந்து நின்றாள். ஊதாப் புடவை. புருஷன் தட்சணாமூர்த்தி பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலிக்குப் படுத்திருந்தான். அப்போதெல்லாம் திண்டிவனத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அவளுக்குப் பச்சை வண்டி என்றால் பாண்டி. எங்கள் எல்லாருக்குமே வண்டி என்பது நிறம்தான், போர்டு இல்லை. அவள் உன்னிடம் கேட்டாள்: “தம்பி, எனக்கு நெறையா வேணாம்பா. பாண்டின்னு எழுதினா எப்டி இருக்கும், அத மட்டும் காட்டு. கண்ணால புடிச்சி வச்சிக்கிறேன்.” அஞ்சலையும் எனக்கும் அதுதான் என்றாள். நானும் சொன்னேன். இருபத்திரண்டு பேரும் பஸ் போர்டு சொல்லிக்கொடு என்றோம்.

நீ புத்தகத்தைத் தட்டிக் காட்டினாய். “என்ன படிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கினா நான் எதுக்கு இருக்கேன்? எல்லாம் வரிசையாத்தான் வரும்.” அன்றைய பாடம் படம், பட்டம்.

பட்டம் விடுகிற வயசா எங்களுக்கு?

அதற்கப்புறம் ராஜீவ் காந்தி செத்தார். நாலு நாள் பஸ் இல்லை. அஞ்சாம் நாள் கிடைத்த வண்டியைக் கிடைத்த ரோட்டில் விட்டார்கள். தட்சணாமூர்த்திக்கு முடியவில்லை என்று ஆள் வந்தது. முத்தம்மாள் ஓடினாள். திண்டிவனத்தில் பச்சை வண்டி நின்றது. ஜனம் அடைத்துக்கொண்டு ஏறியது, இவளும் ஏறினாள். கண்டக்டர் கூட்டத்தில் நீந்தி இவளிடம் வந்து சேர்ந்தபோது வண்டி விக்கிரவாண்டி பக்கம் போய்விட்டது. அது விழுப்புரம் வண்டி. இறக்கிவிட்டார்கள். திரும்ப வர வண்டி இல்லை. மறுநாள் பத்து மணிக்குப் பாண்டி போனாள். “சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்துக்கினு இருந்தாரு” என்று பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் கொட்டகைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. “ஒரு பேருதானப்பா கேட்டேன்” என்றாள்.

நீ சொன்னதைச் சொல்லட்டுமா? புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அந்த எழுத்து எட்டாம் பாடத்துலதாங்க வருது” என்றாய்.

முதலில் எழுந்தது நான். பின்னாலேயே இருபத்தொரு பேர். சிலேட்டை உப்புக் குவியலில் குத்திவைத்துவிட்டுப் போனோம்.

அப்புறம் உனக்குச் சான்றிதழ் எப்படி வந்தது? மூன்றாம் நாள் வருகைக்கு என்று சொல்லி எல்லாரிடமும் கைநாட்டு வாங்கினாயே, அதுதான் தேர்ச்சிக் காகிதம் என்று பிரியங்கா தேடிக் கண்டுபிடித்து எழுதினாள். இந்த ஆளுக்கு எழுதத் தெரியும் என்று ஒரு காகிதம், அதன் அடியில் அந்த ஆளின் கைநாட்டு! எழுதத் தெரிந்தவன் எதற்குடா விரலை மையில் முக்குகிறான் என்று வாங்கிய அதிகாரியும் கேட்கவில்லை. உனக்குச் சான்றிதழ் கொடுத்தவனுக்கும் சேர்த்து ஒரு முதியோர் வகுப்பு எடுத்திருக்கலாம்.

நோட்டைக் கொடு.

சவரிமுத்து


கிளியனூர்
18 மே 2025

திரு. சவரிமுத்து அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை இரண்டு நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

அந்த வரிசையை நான் போடவில்லை. புத்தகம் மேலிருந்து வந்தது. எந்த எழுத்து எந்த நாளில் என்பது அச்சடித்து வந்தது. மாறினால் ஆய்வுக்கு வருபவர் சிவப்பு மையில் எழுதுவார். படிவங்களும் மேலிருந்து வந்தவை. நாள் முடிந்ததும் நிரப்பி அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். எனக்கு இருபது வயது. நான் அந்தச் சான்றிதழைக் கேட்கவில்லை, தபாலில் வந்தது. என் தாயார் அதைக் கண்ணாடி போட்டார்.

மறைந்த முத்தம்மாள் அம்மையாரை நினைவிருக்கிறது. அவர் கணவர் இறந்ததற்கும் ஒரு எழுத்துக்கும் முடிச்சுப் போடுவது நியாயமாகப் படவில்லை. யாரையாவது கேட்டு ஏறியிருக்கலாம். இருப்பினும் வருந்துகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கள் உறையில் தங்கள் மருமகள் தனியே ஒரு சீட்டு வைத்திருந்தார். தாமே தெர்மாகோல் மாதிரியைச் செய்து தருவதாகவும், மாமனாரின் பேச்சைப் பெண்ணின் மேல் காட்ட வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறார். தங்கள் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவராவது இருப்பது மகிழ்ச்சி. அவருடைய ஏற்பாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நோட்டில் உள்ளவை பெரும்பாலும் தங்கள் ஒருவருடைய ஞாபகம். பகையுள்ளவரின் ஞாபகத்தைச் சான்றாக யாரும் ஏற்கமாட்டார்கள்.

ச. பஞ்சநாதன்


மரக்காணம்
21 மே 2025

பஞ்சநாதனுக்கு,

உன் கடிதத்தை மேரிசெல்வி படித்துக்கொண்டே வந்தாள். பாதியில் நின்றாள். “என்னம்மா, எழுத்து புரியலியா?” என்றேன். அப்புறம் ஒரு வார்த்தை விடாமல் முழுசாகப் படித்தாள், அந்தச் சீட்டு விஷயத்தையும் சேர்த்து. மறைத்திருக்கலாம். நான் குருடன் மாதிரிதானே, எனக்கென்ன தெரியும்?

ஒரு தாய் உனக்கு ரகசியமாகக் கெஞ்சி எழுதிய சீட்டை, அவள் வாயாலேயே அவள் மாமனாரிடம் படிக்க வைத்தாய். எனக்கு எழுதுகிற கை அவளுடையது, எனக்குப் படிக்கிற வாயும் அவளுடையது என்று தெரிந்தே எழுதினாய். இதற்குத்தான் முப்பது வருஷ அனுபவமா?

நான் அவளைத் திட்டவில்லை. “பஞ்சு வாங்கிட்டியா?” என்று மட்டும் கேட்டேன். அவள் போய், பரண்மேல் வாங்கி வைத்திருந்த தெர்மாகோலை எடுத்து நாலாக ஒடித்து அடுப்படியில் போட்டாள். வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். “சொல்லு மாமா. இனிமே நானே ‘நீ’ன்னுதான் எழுதுவேன்” என்றாள். இந்தக் கடிதத்தில் ஒரு அடித்தல் இருக்காது. பார்த்துக்கொள்.

வரிசை மேலிருந்து வந்தது என்கிறாய். இதைத்தான் நீ முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வாத்தியார் திட்டம் போடுவதா பிள்ளைகள் போடுவதா என்று பெரிய நியாயம் பேசினாயே. நீ எங்கே திட்டம் போட்டாய்? உனக்கு ஒரு தாள் வந்தது, கோடிட்ட இடத்தை நிரப்பினாய். உப்புத் தாளும் அப்படித்தானே? எவனோ எங்கேயோ உட்கார்ந்து போட்ட பத்துக் கேள்வியில் ஊர்ப் பேரை மட்டும் மாற்றியிருப்பாய். நம் பிள்ளைகளுக்கு உப்பு என்றால் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குத் தேங்காயாக இருக்கும். முப்பத்துநாலு வருஷமாக நீயும் மாணவன்தான், அதுவும் சுத்த மக்கு மாணவன். ஒரு கேள்வி சொந்தமாகக் கேட்டதில்லை. ஒன்பதாவது படிக்கிற பெண் கேட்டுவிட்டாள். அந்த வயிற்றெரிச்சல் உனக்கு.

யாரையாவது கேட்டு ஏறியிருக்கலாம் என்கிறாய். கேட்டாளே. உன்னைத்தான் கேட்டாள்.

என் ஞாபகம் செல்லாது என்றால் அமலோற்பவத்தைக் கேள். எங்கள் தெருக் கடைசி வீடு. அந்த வகுப்பில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தவள். படுத்த படுக்கைதான், ஆனால் நீ சைக்கிளை எந்தப் பக்கம் சாய்த்து வைப்பாய் என்பது வரைக்கும் சொல்வாள். அவளுக்கும் எனக்கும் பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, வேலித் தகராறு. அதனால் எனக்காகப் பொய் சொல்லமாட்டாள். நோட்டில் ஏழாம் பக்கம். வந்து கேட்டுக்கொள்.

சவரிமுத்து


கிளியனூர்
27 மே 2025

திரு. சவரிமுத்து அவர்களுக்கு,

அமலோற்பவம் அம்மாள் இம்மாதம் 24-ஆம் தேதி காலமானதாக எங்கள் பள்ளி உதவியாளர் மூலம் அறிந்தேன். ஆழ்ந்த இரங்கல்.

நோட்டை இம்முறை முழுவதுமாகப் படித்தேன். ஒத்துக்கொள்கிறேன், பெண் உழைத்திருக்கிறாள். ஆனால் பத்தொன்பது பக்கங்களில் ஏற்கெனவே ‘காலமானார்’ என்று அவளே எழுதியிருக்கிறாள். இப்போது இருபது. ஒரு பக்கம் தாங்கள். இருபத்திரண்டாம் பக்கத்தில் எண் மட்டும் இருக்கிறது, பெயர்கூட இல்லை, வெற்றுத்தாள். மாணவர் தாமே வகுக்கும் திட்டங்கள் எப்படி முடியும் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். தூக்கத்தைப் பற்றிய அந்த ஆய்வு நினைவுக்கு வந்தது.

ஆகவே ஒன்று செய்வோம். தங்களைத் தவிர, அந்தக் கொட்டகையில் உட்கார்ந்தவர் ஒருவர், ஒரே ஒருவர், உயிரோடு இருந்து அந்த வெற்றுப் பக்கத்தைத் தம் வாயால் சொல்லி நிரப்பட்டும். நோட்டைக் கண்காட்சியின் முதல் மேசையில் நானே வைக்கிறேன். சான்றிதழையும் நானே கழற்றுகிறேன். எழுதியே கொடுத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒருவர் இல்லை என்றால், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பஞ்சு ஒட்டிய மாதிரி என் மேசைக்கு வர வேண்டும். பெயரைச் சொல்லுங்கள், பார்ப்போம்.

ச. பஞ்சநாதன்


மரக்காணம்
29 மே 2025

பஞ்சநாதனுக்கு,

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வராது. மேரிசெல்வியே கிளியனூருக்கு வந்து உன் கையில் கொடுப்பாள். அவள் முன்னாலேயே படி. வாய்விட்டுப் படி. மற்றவர்கள் வாயால் படிக்க வைத்துப் பழகியவனுக்கு இதுவும் தெரியட்டும்.

அமலோற்பவத்தை அடக்கம் பண்ணி மூன்று நாள் கழித்து உனக்குத் தைரியம் வந்திருக்கிறது. நான் போய் ஒரு பிடி மண் போட்டேன். வேலித் தகராறு மண்ணோடு போச்சு. உயிரோடு இருந்தவரைக்கும் அவள் வீட்டுப் பக்கம் உன் வண்டி வரவில்லை. செத்ததும் இரங்கல் வருகிறது.

ஒருத்தராவது இருந்தால் பேரைச் சொல் என்கிறாய். சொல்கிறேன். வரிசையாகச் சொல்கிறேன், உனக்கு வரிசைதானே பிடிக்கும்.

தனக்கோட்டியும் அஞ்சலையும் சுனாமி. மீன் வாங்கக் கரைக்குப் போனவர்கள். கன்னியப்பன் ‘தானே’ புயலில் சுவர் விழுந்து. எத்திராஜ், ஞானப்பூ, லூர்து மூன்று பேரும் இரண்டாவது கொரோனாவில் ஒன்பது நாளைக்குள். சூசைமாணிக்கம், ஆரோக்கியம், ஏழுமலை சர்க்கரை. காலில் உப்பு அறுத்த புண் ஆறவே இல்லை. தாவீதும் பொன்னுரங்கமும் குடி. அவன்களுக்கு நீ பத்து வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தாலும் கடைப் பலகையைத் தவிர வேறு எதையும் படித்திருக்கமாட்டான்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். செங்கேணி வரப்பில் பாம்பு. மாரிக்கண்ணு உப்பு லாரி. ராயப்பன் சென்னையில் சாரத்திலிருந்து விழுந்து. சின்னப்பொண்ணு ஒரு சித்திரை மாசம் பாத்தியிலேயே மயங்கி விழுந்தவள், வெள்ளையோடு வெள்ளையாகக் கிடந்ததால் சாயங்காலம்தான் பார்த்தோம். மங்காவரம், பச்சையம்மாள், வேதவல்லி, குப்பம்மாள் நாலு பேருக்கும் வயசு. அமலோற்பவம் போன சனிக்கிழமை.

இருபது ஆயிற்று. விரல் விட்டு எண்ணிக்கொள்.

இருபத்தொன்று நான். என் சொல் உனக்குச் செல்லாது.

வெற்றுப் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாயே. அந்தப் பக்கத்துக்குப் பிரியங்கா போகாமல் இல்லை. ஈஸ்டர் முடிந்த மறுநாளே நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஆள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில்: “ஏன் படிக்கலன்னு நீ கேக்காத கண்ணு, ஒனக்கு எதுக்கு இந்தப் பாவம். சொல்லிக்குடுக்க வந்தவரு வந்து கேக்கட்டும். அவருக்குச் சொல்றேன். அதுவரைக்கும் பேரும் போடாத.” அதனால் எண்ணை மட்டும் எழுதிவிட்டு வந்தாள். அந்தக் கோடிட்ட இடம் உனக்கு விட்டது. உனக்குத்தான் நிரப்பிப் பழக்கமாயிற்றே.

இப்போது வழி சொல்கிறேன். கிளியனூர் ரோட்டில் நில். பாண்டி பஸ் வரும். போர்டைப் படித்துவிட்டு ஏறு, உனக்குத் தெரியும். பாண்டியில் இறங்கி வேறு பஸ் மாறு, குயிலாப்பாளையம் போர்டு போட்டிருக்கும். இறங்கினால் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதிகள் வரிசையாக இருக்கும். மூன்றாவது விடுதியில் முற்றம் பெருக்குகிற கிழவியைக் கேள். விடுதிக்குப் பின்னாலேயே வீடு. நடந்து போகிற தூரத்துக்கு மேல் எந்த வேலைக்கும் அவள் போனதில்லை. புருஷன் செத்ததற்கப்புறம் ஊரைவிட்டு மகள் வீட்டுக்கு மாட்டு வண்டியில் போனவள், இந்த முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு பஸ்ஸிலும் ஏறவில்லை. நீ செத்துவிட்டாள் என்று எழுதியதை நான் திருத்தவில்லை. உன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்று பார்த்தேன். அதற்கும் நீ வரவில்லை.

நோட்டை எடுத்துப் போ. அந்த இரண்டு பேனாவில் ஒன்றை எடுத்துப் போ. கேள்வி போட்டு எடுத்துப் போகாதே, அவள் கேட்பாள், நீ எழுது.

மேரிசெல்வி பேரை எழுதமுடியாமல் என்னையே பார்க்கிறாள். எழுதும்மா. பெரிய எழுத்தாக எழுது. எட்டாம் பாடம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

முத்தம்மாள்.